பத்மஜாவின் புது ஹெட்லைட்

நவராத்திரி வந்தால்தான் கல்கத்தா டாக்குரியா மாமிகளுக்குப் பத்மஜாவின் ஞாபகம் வரும். சும்மா சொல்லவில்லை, மற்ற நாளில் ஒரு போன் கிடையாது. புருஷன் போய் மூன்று வருஷமாகிறது. கொலு வீடுகளில் குங்குமமும் வெற்றிலைபாக்கும் வரும்போது தட்டு அவளைத் தாண்டித்தான் போகும். ஆனால் அவளிடம் கார் இருக்கிறது, ஓட்டவும் தெரியும். துர்கா பூஜா கூட்டத்தில் தலைகீழாக நின்றாலும் டாக்ஸி கிடைக்காத ஊரில் அது லேசுப்பட்ட விஷயமா? காமு மாமியும் இன்னும் மூன்று மாமிகளும் பட்டுப்புடவை சரசரக்க ஏறிக்கொள்வார்கள். பாலிகஞ்ச், கரியாஹாட் என்று வீடு வீடாக அழைத்துப் போவாள். தட்டு தாண்டினால் தாண்டட்டும், வழியெல்லாம் வம்பிலும் சிரிப்பிலும் அவளுக்கும் பங்கு உண்டு. வருஷம் முழுக்கப் பேச ஆளில்லாதவளுக்கு அதுவே யதேஷ்டம்.

போன வருஷம் திரும்பும்போது கார் ஒரு பள்ளத்தில் இறங்கிவிட்டது. "உனக்குக் கண்ணு சரியாத் தெரியறதோடீ?" என்றாள் காமு மாமி. கேலிதான். ஆனால் பத்மஜா அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். இவளுக்குக் கண் போச்சு என்று முடிவு கட்டிவிட்டால் அடுத்த நவராத்திரிக்கு யார் கூப்பிடுவார்கள்?

அதனால் இந்த வருஷம் மெக்கானிக் பாபுவின் கடைக்குப் போய், கம்பெனி பல்பைக் கழற்றிவிட்டுப் பளீரென்ற எல்இடி போட்டுக்கொண்டாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை! மறுநாளே டாஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. காரைப் பூட்டிய பிறகும் ஹெட்லைட் லேசாகக் கண் சிமிட்டியது. உடனே பாபுவிடம் ஓட வேண்டாமோ? இவளோ பால்கனியில் நின்று, "என்னடா, தூக்கம் வரலையா?" என்று அதனிடம் பேச்சுக் கொடுத்தாள். பேச வேறு யார் இருக்கிறார்கள், பாவம்!

காரைக் கழுவித் துடைத்து நிறுத்தியவள் நாலு நாள் அதை எடுக்கவில்லை. சப்தமி சாயங்காலம் உடுத்திக்கொண்டு இறங்கினாள். ரிமோட்டுக்குக் கதவு திறக்கவில்லை. சாவி போட்டுத் திறந்து உட்கார்ந்தால், டிக் என்றுகூடச் சத்தம் இல்லை.

பாபுவுக்குப் போன் போட்டாள். அவன் பூஜா பந்தலில் இருந்தான்; பின்னால் தாக் மேளம் காதைக் கிழித்தது. "எல்இடி கரண்ட் கம்மியா இழுக்கும் மாஷிமா. பல்பு போயிடுச்சுன்னு வண்டியோட கம்ப்யூட்டர் நினைச்சுக்கும். இருக்கியா, இருக்கியான்னு கரண்ட் அனுப்பிப் பார்த்துட்டே இருக்கும், தூங்கவே தூங்காது. அதான் பேட்டரி காலி," என்று வங்காளத்தில் கத்தினான். தசமி கழியட்டும், வருகிறேன் என்று வைத்துவிட்டான். பக்கத்துக் காரிலிருந்து ஒயர் போட்டுக் கிளப்பலாமென்றால் கட்டிடமே பூஜா பந்தல் பார்க்கப் போயிருந்தது.

விடுவாளா? போனில் மல்லுக்கட்டி ஒரு வாடகைக் காரைப் பிடித்துவிட்டாள். முன்சீட்டில் உட்கார்ந்து காமு மாமி வீட்டு வாசலுக்கே கொண்டுபோய் நிறுத்தினாள். நாலு மாமிகளும் காத்திருந்தார்கள்.

டிரைவர் எண்ணிப் பார்த்தான். "நாலு பேர்தான். பூஜா நேரம், போலீஸ் விடமாட்டான்," என்றான் ஹிந்தியில்.

மாமிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பத்மஜாவின் கை சீட் பெல்ட்டை இறுகப் பிடித்திருந்தது. யாராவது ஒருத்தி, நான் நாளைக்குப் போய்க்கறேன் என்று சொல்லமாட்டாளா?

"நீ எதுக்குடீ வீணா அலையறே?" என்றாள் காமு மாமி, ரொம்பப் பிரியமாக. "உனக்கென்ன வெத்தலபாக்கா வாங்கணும்? ஆத்துல போய்ப் படுத்துக்கோ. சுண்டல் கொண்டுவந்து தரேன்."

பத்மஜா இறங்கினாள். மாமிகள் ஏறினார்கள். டிரைவருக்கு வழி தெரியாதே என்று, போகவேண்டிய வீடுகளுக்கெல்லாம் ஜன்னலோரம் குனிந்து நின்று அவளே வழி சொன்னாள். கார் போய்விட்டது. தெருவில் கூட்டம் அவளை இடித்துக்கொண்டு போயிற்று.

போன் அடித்தது. காமு மாமி! அவசரமாக எடுத்தாள்.

"பத்மஜா, இந்த டிரைவர் நன்னா ஓட்டறார்டீ. நாளைக்கும் இவரையே வரச்சொல்லிடேன்."

"சொல்றேன் மாமி," என்றாள் பத்மஜா.