இடறாத பாட்டு

புரட்டாசி சனிக்கிழமை. சேலையூர் வீட்டில் பெருமாளுக்கு மாவிளக்கு ஏற்றியாகிவிட்டது. அது தானாக மலையேறும்வரை யாரும் ஒரு வாய் சாப்பிடக்கூடாது என்பது மாமனார் ஸ்ரீநிவாசராகவன் போட்ட சட்டம். சட்டம் போட்டவரே, சுடர் கொஞ்சம் வாடினால் போதும், இன்னொரு கரண்டி நெய்யை ஊற்றிவிடுகிறார். பெருமாளுக்கே பசி எடுத்திருக்கும்.

மிருதுளா புளியோதரையைக் கிளறி மூடிவிட்டு, உள்ளறைப் பக்கம் காதை வைத்திருந்தாள். கதவைத் தாழிட்டுக்கொண்டு அவள் கணவன் பிரணவ் வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்தான். நாவலூர் ஆபீஸில் இருபது பேரை மேய்க்கிறவன், வீட்டில் அப்பாவுக்குப் பயந்து ஒளிந்து விளையாடுகிறான். வாட்டர்ஹீட்டர் பெட்டியில் வைத்துக் காப்பாற்றிய பள்ளிக்கூடக் காலத்துக் கேம் செட் அது.

அந்தக் கேம் செட்டின் சத்தத்தைப் பற்றி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வகுப்பெடுப்பான். உள்ளே பாட மொத்தமே ஐந்து குரல். பொம்மை குதித்தால் எழும் ‘டொய்ங்’குக்குத் தனிக் குரல் கிடையாது. மெட்டுப் பாடும் குரல்களில் ஒன்று அந்த நேரத்துக்குப் பாட்டை விட்டுவிட்டு, ‘டொய்ங்’ சொல்லிவிட்டுத் திரும்பி வரும். அதனால் அவன் ஆடும்போதெல்லாம் பாட்டு இடறி இடறித்தான் கேட்கும். கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்திருந்தது.

இப்போது பாட்டு இடறவில்லை.

அட, இவ்வளவு அழகான மெட்டா இது என்றுதான் முதலில் நினைத்தாள். சுற்றி வந்து மறுபடி ஆரம்பித்தது. இந்தமுறையும் ஒரு ஸ்வரம்கூட விழவில்லை. அப்படியென்றால் யாரும் பட்டனைத் தொடவில்லை.

சாப்பாட்டு மேசையில் இன்சுலின் ஊசியின் மூடி கிடந்தது. இலை போடும்போது சொல்லு, ஊசி போட்டுக்கணும் என்று அவன் கேட்டிருந்தான். இதோ ஆயிடுத்து என்று இவளும் வாய் கூசாமல் சொல்லியிருந்தாள். நம்பிப் போட்டுக்கொண்டான். அப்புறம்தான் மாமனார் நெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்தார்.

ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். பதில் இல்லை. ஊசி போட்டும் சாப்பிடாமல் சர்க்கரை இறங்கினால் அவனுக்கு முதலில் பேச்சுக் குழறும், அப்புறம் நினைவு போகும். ஒருமுறை பார்த்திருக்கிறாள். உள்ளே பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது, முழுசாக, குறையே இல்லாமல். இதைவிடப் பயங்கரமான சத்தத்தை அவள் கேட்டதில்லை.

“பிரணவ், பேச முடியலேன்னா குதிக்கிற பட்டனை அமுக்கு. ஒரே ஒரு தடவை.”

கதவில் காதை அழுத்திக்கொண்டாள். ஒரு சுற்று முடிந்தது. அடுத்தது தொடங்கியது. நடுவில் ஒரு ஸ்வரம் விழுந்தது. டொய்ங்.

உயிர் இருக்கிறது. பெருமாளே, இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு பாட்டு மறுபடி முழுசாகிவிட்டது.

இந்த நேரத்தில் என்ன இரைச்சல் என்று கடுப்போடு வந்த மாமனாரிடம் அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னாள். அவர் கதவைத் தோளால் இடித்தார். மூன்றாவது இடியில் தாழ்ப்பாள் திருகாணியோடு பிய்ந்து விழுந்தது.

பிரணவ் கட்டில் காலில் சாய்ந்துகிடந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது, கட்டைவிரல் பட்டன்மேல் கிடந்தது. அவள் சர்க்கரைக்கு ஓடத் திரும்பினாள். அதற்குள் மாமனார் மாவிளக்குத் தட்டோடு வந்து நின்றார். விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஃபேன் போடக்கூட விடாத மனிதர், வாயால் ஊதி அணைத்தார்.

“பெருமாளுக்கு அப்புறம் வேற ஏத்திக்கலாம்மா. இவனுக்குக் குடு.”

வெல்ல மாவைத் துளித்துளியாக எடுத்து அவன் கன்னத்தின் உட்புறம் தடவினாள். விழுங்க ஆரம்பித்ததும் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாள். மெல்ல மெல்ல அவன் கண்ணில் தெளிவு வந்தது. மாமனார் தரையில் உட்கார்ந்து மகன் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

டிவியை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. பிரணவ் கொஞ்ச நேரம் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“கேட்டியா மிருது, குதிக்காம விட்டா எவ்ளோ அழகா இருக்கு.”

அவள் அவன் விரலைப் பிடித்துப் பட்டன்மேல் வைத்தாள்.

“நீ குதிச்சுண்டே இரு,” என்றாள்.