மூன்று இருசம்மாள்கள்

புலாவ் செபாங் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் அந்த வருஷம் மூன்று இருசம்மாள்கள் பால் வெட்டினார்கள். சேலத்துக்காரர்களுக்கு வேறு பெயரே கிடைக்காது போலும்! விடிகாலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டுக் கணக்கெழுதும் கிராணி தம்புசாமிக்கு இது தலைவலி. ஆளுக்கொரு பட்டம் ஒட்டினார். ஒருத்தி ‘நெட்டை’, இன்னொருத்தி ‘மாறுகண்’. இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் கொடுத்தார்கள். மூன்றாமவளுக்கு ‘ஓடுகாலி’ என்று வைத்தார், பாவி மனுஷன்.

அவள் ஓடி வந்தவள்தான், யார் இல்லையென்றது? சிம்பாங் அம்பாட் தோட்டத்தில் புருஷன் விறகுக்கட்டையால் அடித்துக் கையை ஒடித்தான். எலும்பு கூடியதும் மகள் குஞ்சம்மாவை இழுத்துக்கொண்டு நடந்தே வந்துவிட்டாள். அதற்கு இந்தப் பட்டமா? பெற்ற மகள் காதில் இது தினமும் விழ வேண்டுமா?

இரண்டு நாள் அவள் வாய் திறக்கவில்லை. கிராணி ‘வரவில்லை’ என்று எழுதினார். மூன்றாம் நாளும் அப்படியே போனால் பெயரை வெட்டிவிடுவார்கள், குடியிருக்கும் லயத்து அறையும் போய்விடும். அப்புறம் போக்கிடம் அந்த விறகுக்கட்டைதான்.

“ஓடுகாலி இருசம்மாள்!”

மூன்றாம் நாள் கிராணி நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

“இன்னைக்கும் பேசலன்னா மூட்டையக் கட்டிக்கலாம்!”

“கிராணியாரே, ஒரு சந்தேகம்,” என்று முன்னால் வந்தாள். “தோட்டத்துல தம்புசாமியும் ரெண்டு பேரு. ஒருத்தரு மாட்டுவண்டிக்காரரு. உங்கள எப்படிக் கூப்பிடறது? ஊர்ல பொண்டாட்டி புள்ளையத் தவிக்க விட்டுட்டுக் கப்பலேறின ஓடுகாலி தம்புசாமின்னா?”

ஊரறிந்த விஷயம், சொல்லத்தான் எவருக்கும் துணிச்சல் இல்லை. மாறுகண்காரிதான் முதலில் சிரித்தாள். பிறகு பெரட்டுக்களமே சிரித்தது. அந்தப் பக்கம் வந்த வெள்ளைக்காரத் துரை, என்ன சிரிப்பு என்று கேட்டார். கிராணி எதைச் சொல்வார்?

“ஒண்ணுமில்லீங்க துரை,” என்றார்.

துரை நகர்ந்ததும் குரலைத் தாழ்த்தினார். “சரி, புருசன் பேரச் சொல்லித் தொலை. அதச் சேத்துக் கூப்பிடறேன்.”

“அந்தப் பேரு எனக்கெதுக்கு? முனியம்மா மகள்னு எழுதுங்க.”

“ஆத்தா பேர எவடி எழுதிக்குவா?”

“நான்.”

கிராணி அவளை முறைத்தார், துரை போன திசையையும் பார்த்தார். பென்சிலை நாக்கில் தொட்டு எழுதினார்.

“முனியம்மா மக இருசம்மாள்!”

“இருக்கேன்!”

கிராணி அடுத்த பெயருக்கு வாய் திறப்பதற்குள் நெட்டையானவள் குறுக்கே வந்து நின்றாள்.

“எங்காத்தா பேரு சுப்பம்மா. அதையும் எழுதுங்க.”