முதுகில் இருந்த எண்

அந்தக் கட்டடத்துக்குக் காகிதத்தில் ஐந்து மாடிதான். பெய்ஜென் குடியிருந்தது ஆறாவதில். மொட்டைமாடியில் வீட்டுக்காரர் தகரம் போட்டு எழுப்பிய அறை. நகராட்சி ஆள் வந்தால் அப்படி ஓர் அறையே இல்லை என்று சாதிக்க வேண்டும். தைப்பேயில் வெளியூர் மாணவர்கள் பலர் இப்படி இல்லாத மாடிகளில்தான் இருக்கிறார்கள். அதனால், தான் அச்சடித்து விற்கிற டி-ஷர்ட்டுகளுக்கு 'ஆறாம் மாடி' என்றே பெயர் வைத்தாள். அந்தப் பெயருக்கு அர்த்தம் என்னவென்று இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை.

குளியலறை ஜன்னலில் கறுப்புத் தாள் ஒட்டி இருட்டாக்கியிருந்தாள். ஸ்கிரீனில், அதாவது சட்டத்தில் இழுத்துக் கட்டிய அச்சு வலையில், பச்சைப் பசை பூசிக் காயவைப்பது அங்கேதான். காய்ந்ததும் படம் இருக்கும் பிலிமை அதன்மேல் வைத்து வெயிலில் காட்ட வேண்டும். வெயில் பட்ட பசை இறுகிவிடும். படம் மறைத்த இடத்துப் பசை தண்ணீரில் கரைந்து வலைக்கண் திறந்துகொள்ளும். மை இறங்குவது அந்த வழியாகத்தான். ஒருத்தர் சட்டத்தை அமுக்கிப் பிடிக்க, இன்னொருத்தர் மை இழுக்க, இரண்டு பேர் செய்கிற வேலை இது. அவள் சட்டத்தை முழங்காலால் அமுக்கிக்கொண்டு இழுத்தாள். முழங்கால் எப்போதும் நீலமாகவே இருந்தது.

முதல் சட்டையில் அவள் அடித்த வாசகம்: 'எங்கப்பா என்ன வேலைன்னு கேக்காத.'

வகுப்பில் எல்லோரும் முதலில் கேட்டது அதைத்தான். பல் டாக்டர், வங்கி மேலாளர், பேராசிரியர் என்று ஆளாளுக்குச் சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்கள். குடும்பத்திலேயே கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். தெற்கே பூதாய்க் கடற்கரையில் அப்பா பால்மீன் வளர்க்கிறார் என்று சொன்னதும், "ஐயோ, ஜாலியா இருக்குமே!" என்றார்கள். சேற்றில் இறங்கி ஒரு நாள் நின்று பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

கல்லூரிச் சந்தையில் கடை போட்டாள். ஒரு பெண் சட்டையை எடுத்துப் படித்தாள். "கோவமா இருக்கே," என்று சொல்லி, சூடான பாத்திரத்தைக் கீழே வைப்பதுபோல வைத்துவிட்டுப் பூனை ஸ்டிக்கர் விற்கிற கடைக்குப் போய்விட்டாள். அன்று விற்றது அவ்வளவுதான். அதாவது, ஒன்றும் விற்கவில்லை.

மே மாத மழை பிடித்துக்கொண்டது. துணி எதுவும் காயாததால் பெட்டியின் அடியில் கிடந்த அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனாள். மீன் தீவனக் கம்பெனிக்காரன் அப்பாவின் பண்ணைப் பெயரைப் போட்டுப் புத்தாண்டுக்கு இலவசமாகக் கொடுத்தது. முதுகில் ஒரு மீன் கட்டைவிரலை உயர்த்திச் சிரிக்கும். மீனுக்கு ஏது கட்டைவிரல்? அதன் கீழே 'ஹைஷுன் மீன் பண்ணை. முள் நீக்கித் தரப்படும்.' அதற்கும் கீழே வீட்டுத் தொலைபேசி எண்.

"ஏய் பெய்ஜென், நில்லு! திரும்பு, திரும்பு!" பல் டாக்டர் மகன் லிஹான் கத்தினான். "முள் நீக்கித் தரப்படும்! செம! எனக்கு ஒண்ணு வேணும். நம்ம செங்யுவுக்கும் ஒண்ணு குடு, அவனுக்கு முதுகுல முள்ளே கிடையாது."

"எனக்கும்!"

"எனக்கு எக்ஸ்எல்!"

அவள் கல்லூரிக்கு வந்த நாளிலிருந்து இத்தனை பேர் ஒரே நேரத்தில் அவள் பெயரைச் சொன்னதில்லை.

சட்டையைத் தரையில் விரித்து அப்படியே படி எடுத்தாள். மீன், பெயர், எண், எல்லாம். எண்ணை விட்டுவிடலாம் என்று தோன்றவே இல்லை. பூதாய்ப் பக்கம் முதுகில் எண் இல்லாத சட்டையை யாரும் பார்த்ததில்லை. உரக்கடை, கோயில் ஊர்வலம், தேர்தல், எது கொடுத்த சட்டையானாலும் கீழே ஓர் எண் இருக்கும். சட்டைக்குக் கை இருப்பதுபோல அது. யாராவது அதற்குக் கூப்பிடுவார்கள் என்று அங்கே ஒருவரும் நினைப்பதில்லை.

சட்டையை வாங்கிய தைப்பேக்காரர்கள் கூப்பிட்டார்கள்.

"ஆஜென், இங்க ஒரு கூத்து," என்றார் அப்பா, செல்பேசியில். வீட்டில் அவள் ஆஜென். குளத்துத் தண்ணீர்ச் சக்கரம் பின்னால் இரைந்தது. "வீட்டு போனுக்குத் தைப்பேலேருந்து கூப்பிடறாங்க. எல்லாம் சின்னப் பொண்ணுங்க, பசங்க. ஒருத்தி கேக்கறா, ஓனரே, உங்க மீனுக்கெல்லாம் கல்யாணம் ஆயிடுச்சான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுக்கும் ஆகல, நேர்ல வந்து பாரு, பிடிச்சதைக் கட்டிக்கன்னேன்." அவர் சிரித்தார். அம்மா இறந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து அவள் கேட்டதில்லை. "தீவனக் கம்பெனிக்காரன் அங்கயும் சட்டை குடுத்திருக்கான் போல. கெட்டிக்காரன்."

சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு அவர் வைத்துவிட்டார்.

ஒரு நாள் உணவுக்கூடத்தில் அந்தச் சட்டை போட்ட நாலைந்து பேர் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவளையும் கூப்பிட்டு நடுவில் உட்காரவைத்தார்கள். வறுத்த கறியும் சோறும் தட்டில் ஆறிக்கொண்டிருக்க, லிஹான் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தான்.

"உஷ்! எடுத்துட்டாரு."

"வணக்கம். ஹைஷுன் மீன் பண்ணை. தங்களுக்கு என்ன வேண்டும்?"

பெய்ஜெனுக்கு ஒரு கணம் அது யாரென்றே தெரியவில்லை. வீட்டில் பேசுவது தைவானிய மொழி. மாண்டரின் என்றால் அப்பாவுக்கு வங்கியிலும் மருத்துவமனையிலும் வாயில் கல் போட்டுக்கொண்டு பேசுகிற மொழி. அதை அவர் செய்தி வாசிப்பவர்போல ஒவ்வொரு சொல்லாக அடுக்கினார். ஒத்திகை பார்த்திருக்கிறார்.

"ஓனரே, மனுஷனுக்கும் முள் எடுப்பீங்களா? இங்க செங்யுன்னு ஒரு பையன் இருக்கான்."

"டேய், அவனுக்கு ஏற்கெனவே எடுத்தாச்சுடா!"

மேசையே அதிர்ந்தது. அப்பா சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். "அவரை அழைத்து வாருங்கள். பார்த்துச் சொல்கிறேன். மழை பெய்கிறதே, நீங்கள் எல்லோரும் சாப்பிட்டீர்களா?"

"என்ன உச்சரிப்புடா இது!" லிஹான் மேசையைத் தட்டிச் சிரித்தான். "பெய்ஜென், உங்க ஊர்ப் பக்கம் எல்லாரும் இப்படித்தானா?"

அது எங்கப்பா என்று சொல்ல வேண்டியதுதானே? மூன்று சொல் கூட இல்லை. எங்கப்பா என்ன வேலை என்று கேட்காதே என்று சட்டையில் அடித்து ஊருக்கே நீட்டியவள், வாயில் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு, "ஆமா, இப்படித்தான்," என்றாள்.

மாடி ஏறினாள். ஸ்கிரீனை எடுத்தாள். எண் இருந்த இடத்தில் இரண்டு பக்கமும் அகலமான பழுப்பு டேப்பை ஒட்டி, நகத்தால் அழுத்தித் தேய்த்தாள். இனி மை அங்கே இறங்காது. அடுத்து அடித்த சட்டைகளில் மீன் சிரித்தது, முள் நீக்கித் தரப்பட்டது, கீழே வெறும் துணி.

"நம்பர் எங்க?" என்றான் லிஹான்.

"இல்ல."

"நம்பர் இல்லாட்டி என்ன கிக்கு இருக்கு?"

"அப்ப வாங்காத."

"ஏன் கடிக்கற? சும்மா கேட்டேன்."

வாங்கினார்கள், கொஞ்ச நாள். போன் போடுகிற விளையாட்டும் அவர்களுக்குச் சலித்தது. தேர்வு வந்தது, சிரிக்க வேறு விஷயங்களும் வந்தன. உணவுக்கூடத்தில் அவளை யாரும் கைகாட்டிக் கூப்பிடவில்லை. அவள் பழைய இடத்தில், சுவரைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அப்பா செல்பேசியில் சொன்னார்: "இப்பல்லாம் யாரும் கூப்பிடறதில்ல. லைன் கோளாறோன்னு போன் கம்பெனி ஆளை வரச் சொன்னேன். லைன் நல்லாத்தான் இருக்குங்கறான்."

ஒரு மதியம் அவள் அந்த வீட்டு எண்ணுக்குக் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான். முதல் மணி முடியுமுன் எடுத்துவிட்டார்.

"வணக்கம்! ஹைஷுன் மீன் பண்ணை. தங்களுக்கு என்ன வேண்டும்?"

அந்தக் குரலுக்கே சலவைச் சட்டை போட்டுவிட்டதுபோல இருந்தது. அவளிடம் அவர் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை.

"அப்பா, நான்தான்."

"ஓ." குரல் இறங்கிவிட்டது. "நீயா. செல்லுல கூப்பிடக் கூடாதா?"

"ஒண்ணு சொல்லணும்ப்பா. அந்தச் சட்டை..."

"அப்புறம் பேசலாம் ஆஜென். இந்த லைன் சும்மா இருக்கட்டும். யாராச்சும் கூப்பிடுவாங்க."

வைத்துவிட்டார்.

அவள் போய் டேப்பை உரித்தாள். மழைக்கால ஈரத்தில் சரியாக இறுகாத பசை டேப்போடு சேர்ந்து பெயர்ந்து வந்தது. எண் இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வலை வெறுமனே திறந்து கிடந்தது. அதில் மை இழுத்தால் ஒரு கறுப்புத் திட்டுதான் விழும். புதிதாகப் பசை பூசி, காயவைத்து, வெயிலில் காட்ட வேண்டும். வெளியே வெயில் இல்லை.

பெட்டியில் அப்பாவின் சட்டை இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கி, சிவப்புத் தடத்து மெட்ரோ ரயிலில் ஏறினாள். எங்கே போவது என்று இல்லை. உட்கார இடம் இருந்தும் கதவுக் கண்ணாடிக்கு முகத்தைக் கொடுத்து, பெட்டி முழுவதற்கும் முதுகைக் காட்டி நின்றாள். முடியை முன்பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள், எண் மறையாதபடிக்கு.

சுரங்கம் வந்ததும் கண்ணாடி இருண்டது. அவளுக்குப் பின்னால் பள்ளிச் சீருடையில் ஒரு பெண் தெரிந்தாள். அவள் கண் சட்டையில் நின்றது. உதட்டோரம் சிரிப்பு. பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்துவிட்டுப் போனை எடுத்தாள்.

பெய்ஜென் திரும்பவில்லை. ரயில் குலுங்கியபோது எண் கலையாமல் இருக்க, கம்பியைப் பிடித்துக்கொண்டு முதுகை நேராக வைத்துக்கொண்டாள்.