நாற்பத்திரண்டாயிரத்துக்கு ஏழு மைல்

லோகநாதனுக்கு அந்தக் கார் மேல் இருந்த பைத்தியத்தைப் பற்றித் திருவொற்றியூரில் யாரைக் கேட்டாலும் கதை கதையாகச் சொல்வார்கள். அந்தக் காரில் பாதி ஷாகுல் ஹமீதுடையது என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். லோகநாதனே அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டு வந்தார், பிறகு ஊரைச் சொல்லி என்ன பிரயோஜனம்?

இரண்டு பேரும் ஒரே ஃபாக்டரியில் வேலை பார்த்தவர்கள். லோகநாதன் ஃபிட்டர், ஷாகுல் எலக்ட்ரீஷியன். தொண்ணூற்றெட்டில் ஃபாக்டரியின் கெஸ்ட் ஹவுஸைக் காலி செய்தபோது, பின்பக்கக் கொட்டகையில் கிடந்த சீமைக் கார் ஒன்றைப் பழைய இரும்போடு சேர்த்து ஏலத்துக்கு விட்டார்கள். சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். கூரையை மடக்கிக்கொள்ளலாம், இரண்டே சீட்டு. இருபத்திரண்டாயிரம், ஆளுக்குப் பாதி. "ஆர்.சி. புக்கு உன் பேர்லயே இருக்கட்டும் மாமு, ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு எவன் அலையறது" என்று ஷாகுல்தான் சொன்னார். அவ்வளவுதான் பத்திரம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு இருவரும் அதில் ஏறி எண்ணூர் முகத்துவாரம் வரை போய்த் திரும்புவார்கள். அந்த நேரத்தில் கன்டெய்னர் லாரிகள் குறைவு. லோகநாதன் ஓட்ட, ஷாகுல் தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, பழைய பாட்டுகளை ராகமே இல்லாமல் பாடிக்கொண்டு வருவார். லோகநாதனின் மனைவி கன்னியம்மா இறந்தபோது பிள்ளை குட்டி என்று ஆறுதல் சொல்ல யாருமில்லை. மூன்று மாதம் வீட்டை விட்டு வெளியே வராமல் கிடந்த மனுஷனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து வண்டியில் உட்கார வைத்ததும் ஷாகுல்தான்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் பாரி என்று ஒரு புரோக்கர் வந்து சேர்ந்தான். மடிப்புக் கலையாத சட்டை, கையில் இரண்டு போன். நிலமும் தங்கமும் வாங்கிச் சலித்த பணக்காரர்கள் இப்போது பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் பக்கம் திரும்பியிருக்கிறார்களாம். ஓட்டுவதற்கு இல்லை. வாங்கி மூடி வைத்து, விலை ஏறியதும் இன்னொருத்தன் தலையில் கட்டுவதற்கு.

"ஒம்போது லட்சம் இப்பவே குடுக்க ஆள் இருக்கு சார். ஆனா நான் உங்க இடத்துல இருந்தா விக்க மாட்டேன். வச்சிருந்தா இன்னும் ஏறும். ஒண்ணே ஒண்ணு, ஓட்டாதீங்க. மீட்டர் ஏற ஏற ரேட்டு இறங்கும்."

அன்றைக்கு ஏறியது பேய். ஒன்பது பதினாலாயிற்று, பதினாலு இருபத்தாறாயிற்று. மும்பையில் இதே மாதிரி வண்டி போன விலையை பாரி வாட்ஸ்அப்பில் அனுப்புவான், லோகநாதன் அதைச் சாமி படத்தைப் போலத் திறந்து திறந்து பார்ப்பார். வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி, நான்கு பக்கமும் கட்டை கொடுத்து நிறுத்தி, மேலே உறையும் போட்டுவிட்டார். எண்ணூர்ப் பயணம் நின்றது.

ஷாகுல் சண்டை போடவில்லை. அவருக்குச் சண்டை போடத் தெரியாது. ராயபுரத்திலிருந்து ஞாயிறுதோறும் வந்து, உறையை ஓரமாக விலக்கி, தன் சீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். நிற்கிற வண்டியில் உட்கார்ந்துகொண்டு பாடுவார்.

ஒரு நாள் சீட்டின் தோலைப் போட்டோ எடுத்துப் பார்த்த பாரி, அது ஒரிஜினல் தோல் என்றும், கிழியாமல் இருந்தால் அதற்கே மூன்று லட்சம் கூட வரும் என்றும் சொல்லிவிட்டுப் போனான். அடுத்த ஞாயிறு ஷாகுல் கதவில் கை வைத்ததும் லோகநாதன் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டார்.

"பாய், இதுல குந்திக்கோயேன். சீட்டு ஒரிஜினலாம். தையல் விட்டுச்சின்னா பேஜாராப் பூடும்."

ஷாகுல் கையை எடுத்துக்கொண்டார். "அதுக்கு இன்னா மாமு" என்று சிரித்தபடி ஸ்டூலில் உட்கார்ந்தார். அன்றைக்குப் பாடவில்லை. டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பியவர் மறு ஞாயிறு வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. போன் செய்தால் முட்டி வலி என்பார். லோகநாதனுக்கு, வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், சற்று நிம்மதியாகக்கூட இருந்தது.

போன வருஷம் ஷாகுலுக்கு இருதயம் பலவீனம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரே போன் செய்தார்.

"மாமு, ஒரே ஒரு தபா எண்ணூர் போய்ட்டு வந்துர்லாமா? ரெண்டு பேருமா. காத்து மூஞ்சில அடிச்சா சோக்கா இருக்கும்."

லோகநாதன் உடனே கணக்குப் போட்டார். மைல் காட்டும் மீட்டர் அது, நாற்பத்தோராயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்றில் நின்றது. போக ஐந்து, வர ஐந்து.

"நாப்பத்திரெண்டாயிரத்தத் தாண்டிடும் பாய். கோயமுத்தூர் பார்ட்டி அதுக்குக் கீழ இருந்தாத்தான் எடுப்பேன்னு சொல்லிகீறான். ரெண்டு மாசம் பொறு. வித்துட்டு, ஏ.சி. கார் ஒண்ணு எட்து கன்னியாகுமரி வரிக்கும் போய்ட்டு வருவோம், நீயும் நானும்."

மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. "ஆமா இல்ல, ஏழு மைல்தான பாக்கி கீது" என்றார் ஷாகுல். "சரி மாமு. வண்டியப் பாத்துக்கோ."

பதினோராம் நாள் அவர் போய்விட்டார்.

ஷாகுலின் உடலை வைத்த சந்தூக்கைத் தோளில் வாங்கிக் கபரஸ்தானுக்கு நடக்கும்போதுதான் லோகநாதனுக்கு அது உறைத்தது. மீட்டருக்குப் பின்னால் ஒரு கேபிள் உண்டு. அதன் நட்டை இரண்டு விரலால் திருகிக் கழற்றிவிட்டால் போதும், கன்னியாகுமரி வரை போய் வந்தாலும் மீட்டர் ஒரு மைல்கூட நகராது. முப்பத்து நாலு வருஷம் ஃபிட்டராக இருந்த மனுஷனுக்கு, சாகக் கிடந்த தோஸ்து கேட்டபோது அது தோன்றவில்லை. விலையைத் தவிர வேறெதுவும் தோன்றாமல் போயிருந்தது. தெருவென்றும் பாராமல் வாய்விட்டு அழுதார். தோளை மாற்றிக்கொள்ள வந்தவர்கள், எப்பேர்ப்பட்ட சிநேகிதம் என்று பேசிக்கொண்டார்கள்.

வண்டி நாற்பத்து நாலு லட்சத்துக்குப் போனது. ஒரு மைல்கூட ஓடாமல் லாரியில் ஏறிப் போயிற்று. லோகநாதன் பாதிக்கு செக் எழுதி எடுத்துக்கொண்டு ராயபுரத்தில் ஷாகுல் வீட்டு மாடிப்படி ஏறினார்.

ஷாகுலின் மனைவி பதுருன்னிசா இத்தாவில் இருந்தாள். நாலு மாதம் பத்து நாளைக்கு வெளி ஆண்கள் முன் வருவதில்லை. நடுவில் ஒரு பச்சை வேட்டியைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். இந்தப் பக்கம் ஒரு நாற்காலியில் லோகநாதன், கதவோரம் ஷாகுலின் மகள் நவ்ரீன், திரைக்கு அந்தப் பக்கம் பதுருன்னிசாவின் குரல். செக்கை நவ்ரீன் வாங்கி உள்ளே நீட்டினாள். அந்தக் குரல் தொகையைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை.

"அண்ணா, உங்களுக்கு நான் எப்டி நன்றி சொல்றதுன்னே தெரீல" என்றாள் பதுருன்னிசா. "கடைசி வரிக்கும் ஒரு ஞாயித்துக்கெழமகூட உடாம அவர எண்ணூருக்கு இட்டுகினு போனீங்களே. காலெல்லாம் மணலோட வருவாரு. 'லோகு இப்பல்லாம் பத்திரமா மெதுவா ஓட்றான், அதான் லேட்டு'ன்னு சொல்லுவாரு. அன்னிக்கி ஒரு நாள்தான் அவரு மூஞ்சில சிரிப்பப் பாப்பேன்."

லோகநாதனுக்கு ஒன்றும் புரியவில்லை. நவ்ரீனைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்காமல், வேண்டாம் என்று தலையை லேசாக ஆட்டினாள்.

"கடைசியாப் போனப்ப வண்டில இன்னா பேசினாருண்ணா? இந்த ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அத வச்சிகினு மீதிக் காலத்த ஓட்டிடுவேன்."

திரை இருந்ததால் தப்பித்தார். அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை. "உன்னப் பத்திதான் தங்கச்சி பேசிகினே வந்தான்" என்றார். "ஒன்னியத் தனியா உட்டுப் போறமேன்னுதான் அவனுக்குக் கவல." திரைக்குப் பின்னால் அழுகைச் சத்தம் கேட்டது. அவர் சொன்ன பொய்களிலேயே பெரிய பொய் அது, கேட்டவளுக்கோ அதுதான் வேதவாக்கு.

வழியனுப்புகிற சாக்கில் நவ்ரீன் படி வரை வந்தாள். கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் பேசினாள்.

"நான்தான் மாமா இட்டுகினு போவேன், எண்ணூர் பஸ்ல. ஜன்னல் சீட்டு கெடைக்கற வரிக்கும் பஸ்ஸ உட்டுகினே நிப்பாரு. கைக்குட்டயத் தலைல கட்டிப்பாரு."

"எதுக்கும்மா வூட்ல பொய் சொன்னான்?" என்று கேட்டார் லோகநாதன். "நான் இட்டுகினு போவலன்னு சொல்லிருக்கலாமே. என்னிய நாலு திட்டுத் திட்டிருக்கலாமே."

"நானும் கேட்டேன் மாமா. 'உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா லோகுவ இந்த வாசப்படி மிதிக்க உட மாட்டா, நான் போனப்பறம் அவனுக்கு இத உட்டா வேற வூடு இல்ல'ன்னாரு அத்தா."

லோகநாதன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நவ்ரீன் தண்ணீர் கொண்டுவரத் திரும்பினாள்.

உள்ளேயிருந்து பதுருன்னிசாவின் குரல் கேட்டது. "நவ்ரீன், அண்ணன் பூட்டாரா? பெருநாளைக்கு இங்கதான் சாப்புடணும்னு சொல்லு. தனியா ஹோட்டல்ல துன்னுகினு இருக்கப் போறாரு."