தெருமுனைச் சைக்கிளுக்கு ஒரு மாலை

ஜேர்மனியில், ஹனோவர் நகரின் கடைக்கோடித் தெருவில் குடியிருப்பவர்களுக்கு விடிகாலையில் பஸ் கிடையாது. முதியோர் இல்லத்தில் காலை ஷிப்ற் பார்க்கும் தக்சாயினி சொந்தமாக வாங்கிய இரண்டு சைக்கிள்களையும் கள்ளர் கொண்டுபோய்விட்டார்கள். மிஞ்சியது தெருமுனையில் நிற்கும் வெள்ளை வாடகைச் சைக்கிள். போனைக் காட்டினால் பூட்டுத் திறக்கும். போன இடத்தில் விட்டுவிட்டு நடையைக் கட்டலாம்.

அதற்கும் இப்போது ஆபத்து. இந்த முனையில் ஓட்டம் போதாது, சைக்கிளைத் தூக்கி ரயில் ஸ்ரேசனடியில் வைக்கப்போகிறோம் என்று கொம்பனி போனில் அறிவித்துவிட்டது. தக்சாயினி நகரசபைக்கு எழுதிப் பார்த்தாள். நடைபாதையைக் கொடுத்ததோடு எங்கள் வேலை முடிந்தது, எங்கே நிறுத்துவது கொம்பனியின் விருப்பம் என்று அவர்கள் கையை விரித்தார்கள். இலாபம் ஸ்ரேசனில், தக்சாயினி தெருக்கோடியில். யார் கேட்பார்?

கடவுள் கேட்பார் என்று நினைத்தாள். ஆயுத பூசையன்று சோறு போடும் வாகனத்தைக் கும்பிடாமல் வேறெதைக் கும்பிடுவது? ஹாண்டிலுக்குச் செவ்வந்தி மாலை போட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்து, கற்பூரமும் காட்டிவிட்டு வந்தாள். அடுத்த இரண்டு நாள் அவளுக்கு லீவு.

மறுநாள், கூட வேலை செய்யும் மன்னார்க்காரி பிறேமா போன் எடுத்தாள்.

“உங்கட முனையில ஆரோ சைக்கிள்ல அடிபட்டுச் செத்திட்டாங்களாம். பூவும் மெழுகுதிரியும் நிறைஞ்சு கிடக்கு. நானும் ஒண்டு கொளுத்திச் செபிச்சுப்போட்டு வாறன்.”

விபத்தில் செத்தவர்களுக்கு அதே இடத்தில் வெள்ளைச் சைக்கிள் வைத்துப் பூப்போடுவது இந்த ஊர் வழக்கம். தக்சாயினிக்கும் அது தெரியும். பூசை மும்முரத்தில் மூளை வேலை செய்யவில்லை, அவ்வளவுதான்.

“ஐயோ அக்கா, அது நான் போட்ட மாலை! ஒருத்தரும் சாகேல்லை!”

“அப்ப போய்ச் சொல்லன்.”

“ஏலாது. வெக்கமாக் கிடக்கு.”

சொல்லாததில் ஒரு நன்மையும் நடந்தது. சைக்கிளை ஏற்ற வந்த கொம்பனி வான்காரன் மெழுகுதிரிகளைக் கண்டதும் தொப்பியைக் கழற்றித் தலைகுனிந்து நின்றுவிட்டு, வெறுங்கையோடு போய்விட்டான். ஆனால் ஷிப்ற் நாள் வந்ததே! தக்சாயினி பல்லைக் கடித்துக்கொண்டு மெழுகுதிரிகளை ஒதுக்கி, மாலையைக் கழற்றி, பூட்டைத் திறந்தாள்.

“வெட்கமில்லையா உனக்கு?” நாயோடு வந்த எதிர்வீட்டு ஹைட்ருன் ஜேர்மன் மொழியில் சீறினாள். “செத்தவருடைய சைக்கிள் அது!”

தக்சாயினி மாலை, பூசை, கொம்பனி, வேலை என்று உள்ளதையெல்லாம் கொட்டிவிட்டாள். ஹைட்ருன் வாயைப் பிளந்தபடி கேட்டாள்.

“அப்படியென்றால் இரண்டு நாளாக நான் யாருக்காக அழுதேன்?”

“எனக்காக,” என்றாள் தக்சாயினி. “சைக்கிள் போனால் என் வேலையும் போய்விடும்.”

ஹைட்ருன் முறைத்தாள். பிறகு நாய் மிரளும்படி சிரித்தாள். சிரித்து முடித்துத் தன் போனை நீட்டினாள். “இதில் எப்படித் திறப்பது, காட்டு.”

கதை அன்றைக்கே தெரு முழுக்கப் பரவியது. அழுதவர்கள் எல்லாரும் அந்தச் சைக்கிளில் ஓடத் தொடங்கினார்கள்; பேக்கரிக்கு, தேவாலயத்துக்கு, சிலர் சும்மாவும். கொம்பனிக்குக் கண்ணீர் கணக்கில்லை, ஓட்டம்தான் கணக்கு. சைக்கிள் இங்கேயே நிற்கும் என்று அடுத்த கிழமை போனில் சொன்னது. தக்சாயினிக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் விடிகாலை முனைக்கு வந்தால், சைக்கிளைக் காணோம். அப்போது மணியை அடித்துக்கொண்டு, பேக்கரிப் பாண் பையோடு ஹைட்ருன் வந்து இறங்கினாள்.

“பிடி, உனக்கு நேரமாகிறது.”

நெட்டைக்காரி இருக்கையை உயர்த்தி வைத்திருந்தாள். தக்சாயினிக்குக் கால் எட்டவில்லை. இறக்க நேரமில்லாமல், நின்றபடியே மிதித்துக்கொண்டு, சிரித்தபடி வேலைக்குப் போனாள்.