உப்புப் பூத்த மண்

அந்த வருடம் மாசியிலேயே வெயில் கொளுத்தத் தொடங்கிவிட்டது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் இருந்த அந்தத் தொடர்மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில், மத்தியானத்தில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. அங்கேதான் சுபாஷினி தோட்டம் வைத்திருந்தாள். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவளுக்கு வாய்த்த ஒரே பைத்தியம் அது.

சீமெந்துப் பைகளில் மண்ணையும் தேங்காய்த் தும்புச்சோற்றையும் கலந்து நிரப்பித் தக்காளி, கத்தரி, வெண்டி நட்டிருந்தாள். மேலே பச்சை நிழல் வலை. ஈரம் பறக்காமலிருக்க மண்ணின் மேல் காய்ந்த சருகு. விடிந்ததும் மொட்டைமாடிப் பைப்பைத் திறந்து பை பையாகத் தண்ணீர் ஊற்றுவாள்.

பங்குனி பிறந்தபோது தக்காளிப் பூக்கள் பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்தன. சூட்டுக்கு அப்படித்தான் என்று நினைத்தாள். பிறகு இலைகளின் ஓரம் நெருப்பில் காட்டியதுபோல் கருகியது. தாகமாக்கும் என்று இன்னும் கூடத் தண்ணீர் விட்டாள். ஊற்ற ஊற்றச் செடிகள் சோர்ந்தன. ஒருநாள் சருகை விலக்கிப் பார்த்தபோது மண்ணின் மேல் வெள்ளையாகப் படிந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு.

மொட்டைமாடியின் மற்ற மூலையில், அதே கட்டடத்தில் இருக்கும் றஸ்மியாவின் தொட்டிகள் இருந்தன. இரண்டு மாதுளை, ஒரு மிளகாய்க் கன்று. எல்லாம் பளபளவென்று தளிர்த்து நின்றன. சுபாஷினி அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரே வெயில், ஒரே மாடி. தன்னுடையது மட்டும் ஏன் சாகிறது?

றஸ்மியா பிள்ளைகளோடு மூன்றாம் மாடிக்குக் குடிவந்து அதிக காலமில்லை. வந்த புதிதில், நிழல் வலை உடுப்புக் காயப்போடும் கயிற்றை மறைக்கிறது, கொஞ்சம் தள்ளிக் கட்ட ஏலுமா என்று கேட்டிருந்தாள். ஏலாது என்று சுபாஷினி முகத்தில் அடித்தாற்போல் சொல்லியிருந்தாள். அதற்குப் பிறகு பின்னேரங்களில் றஸ்மியா மூடி போட்ட ஒரு வாளியோடு மேலே வருவதை அவள் பலமுறை கண்டிருக்கிறாள். தண்ணீர் எடுக்கப் பைப் இங்கேயே இருக்கும்போது, கீழேயிருந்து வாளியில் மூடிக் கொண்டுவருவது எதற்கு?

அன்றிரவுச் சாப்பாட்டின்போது அதைக் கணவனிடம் சொன்னாள். கிருஷ்ணராஜ் அந்தக் கட்டடத்துச் சங்கத்தின் செயலாளர். தண்ணீர், லிப்ட், குப்பை எல்லாம் அவர் பொறுப்பு.

"அந்த றஸ்மியா உப்புத் தண்ணி ஊத்தியிருக்கிறா. நான் நாக்கில வச்சுப் பாத்தனான்."

அவர் தட்டைப் பார்த்தபடி சோற்றைப் பிசைந்தார்.

"இருக்கும்," என்றார் பிறகு. "அந்த வலை விஷயத்தில கோவமா இருந்தவதானே. நீர் கவனமா இரும்."

அவர் அப்படிச் சொன்ன பிறகு சுபாஷினிக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. நாலாம் மாடிப் பிறிஜெற்றிடம் சொன்னாள். பிறிஜெற்றுக்குச் சொன்னால் கட்டடத்துக்கே சொன்ன மாதிரி. அந்தக் கிழமையே லிப்டுக்குள் றஸ்மியா பிள்ளைகளோடு ஏறினால், உள்ளே நின்றவர்களின் கதை நின்றது. மற்ற வீட்டுக்காரர் தங்கள் பிள்ளைகளைக்கூட அவளோடு மாதுளம்பூப் பார்க்க மேலே போக விடவில்லை.

றஸ்மியாவுக்குக் காரணம் தெரியாது. ஒரு பின்னேரம் அவளாகவே தக்காளிப் பைகளுக்குக் கிட்டப் போய்க் குனிந்தாள். ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தாள். அப்போது சுபாஷினி படிக்கட்டில் ஏறி வந்தாள்.

"என்னக்கா, இப்பிடிக் கருகிப் போய் ஈக்கிது?"

சுபாஷினிக்கு அது கேலியாகக் கேட்டது.

"செய்யிறதையும் செய்துபோட்டு என்னட்டையே கேக்கிறீரோ? அந்த வாளிக்குள்ள என்ன?"

"என்ன செல்றீங்க நீங்க?"

"உப்புத் தண்ணி ஊத்தி என்ர மரங்களைக் கொல்லுறீர். மண் எல்லாம் வெள்ளையாப் பூத்துக் கிடக்கு. பாரும்!"

றஸ்மியா சீமெந்துப் பைகளையும் சுபாஷினியையும் மாறி மாறிப் பார்த்தாள். லிப்டில் கதை நின்றதெல்லாம் அப்போதுதான் அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். முகம் வெளிறியது. வாளியின் மூடியைக் கழற்றினாள்.

"இது ஏசித் தண்ணி. எங்கட ரூம் ஏசில இருந்து சொட்டுற தண்ணி. இந்தச் சூட்டுல ஏன் வீணாக்கோணுமெண்டு பிடிச்சு மரத்துக்கு ஊத்துற. தூசு விழாம ஈக்கத்தான் மூடி."

குனிந்து கையால் அள்ளி வாயில் விட்டுக் கொப்பளித்தாள்.

"இதுல எங்க உப்பு? நீங்களும் பாருங்க."

சுபாஷினி அசையவில்லை. றஸ்மியா விடவில்லை. விறுவிறுவென்று பைப்படிக்குப் போய்த் திறந்து, அந்தத் தண்ணீரையும் வாயில் விட்டாள். உடனே துப்பினாள்.

"அல்லாஹ்! கடல் தண்ணி மாதிரி ஈக்கிதே. இதையா இவ்வளவு நாளும் ஊத்துனீங்க?"

சுபாஷினி பைப்பின் கீழே விரலை நீட்டி நனைத்து நாக்கில் வைத்தாள். இவ்வளவு காலமும் செடிகளுக்கு விட்ட தண்ணீரை ஒருதரமும் அவள் சுவைத்துப் பார்த்ததில்லை. நாக்கு கரித்தது. செடிகளைத் தன் கையாலேயே கொன்றிருக்கிறாள். றஸ்மியா வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

வீட்டுக்கு வந்தபோது கிருஷ்ணராஜ் விசிறியின் கீழே பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல் பைப்புக்குத் தண்ணி எங்கையிருந்து வருது?"

அவர் பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்தினார். அதுவே அவளுக்குப் பாதி சொல்லிவிட்டது.

"பின்பக்கத்துக் குழாய்க் கிணறு," என்றார் கடைசியில். "நகரத் தண்ணியை அடிக்கடி வெட்டுறாங்கள். குசினிகளுக்கே காணாது. அதுதான் மாசியில மொட்டைமாடிப் பைப்பையும் கார் கழுவுற பைப்பையும் கிணத்தோட இணைச்சனான். மழையில்லாததால கடல் தண்ணி உள்ள வந்திட்டுது போல."

"ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"கார்க்காரர் சண்டைக்கு வருவினம். துருப்பிடிக்கும் எண்டுவினம்."

"நான் உப்பெண்டு சொன்ன அண்டைக்கு உங்களுக்குத் தெரியும்."

அவர் பேப்பரை மடித்தார்.

"தெரியும். ஆனா..."

"தெரிஞ்சுகொண்டுதான் கவனமா இரும் எண்டு சொன்னனீங்களோ?"

முப்பது வருடத்துக்கு மேல் ஒன்றாக இருந்த மனிதர். ஒரு பைப்பை மறைப்பதற்காக ஒரு பெண்ணின் மேல் பழி விழ விட்டிருக்கிறார். அந்தப் பழியைத் தன் வாயே ஊரெல்லாம் கொண்டுபோயிருக்கிறது. எது பெரிய அவமானம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அவரைச் சொல்லவைத்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு கிணற்றைப் பற்றி மட்டும் சொல்லி முடிக்கப் பார்த்தபோது, மீதியை அவளே எழுந்து சொன்னாள். "றஸ்மியா ஒண்டும் செய்யேல்லை. கதையைக் கட்டினது நான்." பிறிஜெற் தன் கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கார்க்காரர்கள் சத்தம் போட்டார்கள்.

கூட்டம் கலைந்ததும் சுபாஷினி றஸ்மியாவிடம் போனாள்.

"என்னை மன்னிச்சுக்கொள்ளும்."

"சரி," என்றாள் றஸ்மியா. அவளது குரலில் கோபமும் இல்லை, சிநேகமும் இல்லை. "ஆனா என்ட பிள்ளைகள் லிப்டுல நின்ட நிலை எனக்கு இன்னும் கண்ணுக்குள்ள ஈக்கிது. அதுக்குக் கொஞ்ச நாள் வேணும்."

தக்காளியைப் பிடுங்கிப் போட வேண்டியதாயிற்று. கத்தரி மட்டும், மண்ணை மாற்றி வீட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்ததில், அடியிலிருந்து ஒரு தளிர் விட்டது. இப்போது சுபாஷினி குசினியில் அரிசி, மரக்கறி கழுவிய தண்ணீரைச் சேர்த்து மேலே கொண்டுபோகிறாள். கிருஷ்ணராஜ் சில நாட்களில் வாளியைத் தான் தூக்குவதாகக் கை நீட்டுவார்.

"வேண்டாம், நான் கொண்டுபோறன்," என்பாள் அவள், நின்று பார்க்காமல்.