நான்கு அங்குலப் புல்

மெர்வின் எச்சார்ட் ஓடைக்கரையில் குந்தி உட்கார்ந்து, தன் கட்டைவிரலை ஒரு புல்லோடு ஒட்டி நிறுத்திப் பார்த்தார். கட்டைவிரல் ஜெயித்தது. பக்கத்துப் புல்லிடம் கொண்டுபோனார். அங்கேயும் கட்டைவிரல்தான். எழுபது வயதில் கட்டைவிரல் புதிதாக வளர வாய்ப்பில்லை என்பதால், குறை புல்லிடம்தான் என்று முடிவுக்கு வந்தார்.

இன்னும் சற்று நேரத்தில் அரசாங்கத்து ஆட்கள் புல் அளக்க வந்துவிடுவார்கள். மலை அரசாங்கத்துடையது, மாடுகள் மெர்வினுடையவை, நடுவில் ஒரு மேய்ச்சல் அனுமதி. பேட்ஜர் ஓடையின் கரையில் புல் நான்கு அங்குலம் நிற்கிறவரை மாடுகள் அக்டோபர் வரை மேலே இருக்கலாம். அதற்குக் குறைந்தால் அன்றே இறக்கியாக வேண்டும். இப்போதே இறக்கினால், பனிக்காலத்துக்கென்று அடுக்கிவைத்த வைக்கோலை அவை இலையுதிர் காலத்திலேயே தின்று தீர்த்துவிடும். பிறகு பாதி மந்தையை விற்க வேண்டியதுதான்.

அந்த வருடம் நெவாடாவில் அப்படியொரு வறட்சி. ஓடை எவ்வளவு மெலிந்திருந்தது என்றால், இரண்டு மீன்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று கரையேறி நின்று வழிவிட வேண்டியிருந்தது. அதனால்தான் மெர்வின் கோடை முழுக்க, மாலை தவறாமல் வண்டியை எடுத்துக்கொண்டு மலையேறி, அளவை நடக்கும் இடத்தில் நட்டிருந்த இரும்பு முளைக்குப் பக்கத்தில் நிறுத்தி, புல்லைப் பார்த்துவிட்டு வந்தார்.

"கட்டிக்கப் போற காலத்துல என்னைக்கூட நீ இப்படித் தெனம் வந்து பாத்ததில்ல, மெர்வ்," என்றாள் மனைவி ஜோசெட்.

"நீ எங்க போயிடப் போற? புல்லு போயிடும்டி."

புல் போய்க்கொண்டுதான் இருந்தது. அவர் போய் நின்ற சற்று நேரத்துக்கெல்லாம் மாடுகள் நாலு பக்கத்திலிருந்தும் இறங்கி வரும். தொப்பியைக் கழற்றி வீசுவார், தன் முன்னோர்களின் பாஸ்க் மொழியில் திட்டுவார், கல்லெறிவார். அவை ஒதுங்கிப்போய் நின்று, அவர் கிளம்பும்வரை மரியாதையாகக் காத்திருக்கும். மறுநாளும் அதே கதை. மாடுகளுக்கு அரசாங்கத்தின்மேல் ஏதோ தனிப்பட்ட கோபம் என்று அவர் உண்மையாகவே நம்பத் தொடங்கியிருந்தார்.

வெள்ளை வண்டி வந்து நின்றது. இறங்கியவர்கள் இரண்டு பேர். கோடைக்கு மட்டும் வேலைக்கு எடுத்தவர்கள். ரோவன், முழங்கை வரை பச்சை குத்தியிருந்த ஒஹையோ பெண். அவளுக்கு இது ஐந்தாவது கோடை. இன்னொருவர் ஹாலோவே, தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் உட்கார்ந்தால் கால் அரிக்கிறது என்று இந்த வேலைக்கு வந்திருந்தார்.

ரோவன் முளையைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். தரை வழுக்கையாகக் கிடந்தது. எங்கும் சாணம். நடுவே சக்கரத் தடம், ரயில்பாதைபோல அழுத்தமாக.

"இங்க யாரோட வண்டி வந்துட்டுப் போகுது, மிஸ்டர் எச்சார்ட்?"

"என்னோடதுதாம்மா. தெனமும் வருவேன், புல்லு பத்திரமா இருக்கான்னு பாக்க."

ஹாலோவே மெர்வினுடைய வண்டியின் பின்புறத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "இது என்ன, கல்லா?"

"உப்புக்கட்டி. மாட்டுக்கு. மேட்டுல கொண்டுபோய்ப் போடறது."

"ஓடைப் பக்கம் உப்பு வெக்கக் கூடாதுன்னு தெரியுமில்ல?" என்றாள் ரோவன்.

"கீழ எங்கம்மா வெச்சேன்? வண்டியிலதான இருக்கு!"

அவர் சொல்லி முடிப்பதற்குள் வில்லோ புதர்கள் விலகின. மாடுகள் ஓட்டமும் நடையுமாக வந்து, மூன்று பேரையும் சட்டை செய்யாமல் தாண்டிப்போய், வண்டியைச் சூழ்ந்து நின்றன. ஒரு சிவப்புப் பசு பின்பலகைமேல் தாடையை வைத்து நாக்கை நீட்டியது.

"முப்பது வருஷம் தபால் வண்டி ஓட்டினேன்," என்றார் ஹாலோவே. "சத்தம் கேட்டதுமே எல்லா நாயும் இப்படித்தான் ஓடிவரும். இந்த அளவு பாசம் இருந்ததில்ல."

மெர்வின் மாடுகளையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். கோடை முழுக்கப் புல்லைக் காவல் காக்க வந்ததாக நினைத்திருந்தார். மாடுகள் கணக்கில் அந்த உப்பு வண்டியின் சத்தம் பந்திக்கு அடித்த மணி. மணியடித்தவரே தொப்பியை வீசி விரட்டவும் செய்தது அவற்றுக்குக் கொஞ்சம் குழப்பமாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

"சரி, ஆரம்பிப்போம்," என்று ரோவன் அளவுகோலை எடுத்தாள். அவள் குனிந்து குனிந்து அளந்து சொல்ல, ஹாலோவே குறித்துக்கொண்டார்.

"ஒண்ணு. ஒண்ணரை. ஒண்ணு. இங்க ஒண்ணுமேயில்ல."

மெர்வின் எதை விற்பது என்று யோசிக்கத் தொடங்கினார். வெள்ளை மூஞ்சிக் கிடாரிக்கு நல்ல விலை கிடைக்கும். ஆனால் அது ஜோசெட்டின் செல்லம். அதைவிட அவரையே விற்றுவிடுவது வீட்டில் சுலபமாக முடியும். நொண்டிப் பசுவை யாரும் வாங்கமாட்டார்கள். சிவப்புப் பசு, நாக்கை வண்டியிலிருந்து எடுக்கச் சம்மதித்தால், போகலாம்.

தலையை நிமிர்த்தியபோது இரண்டு பேரும் ஓடையோடு மேலே போய்க்கொண்டிருந்தார்கள்.

"எங்க போறீங்க? முளை இங்க இருக்கு!"

"அது ஆரம்பிக்கற எடம்!" என்று ரோவன் திரும்பாமலே கத்தினாள். "மேல பாறை வரைக்கும் ரெண்டு கரையும் அளந்து, எல்லாத்தையும் சேத்து சராசரி எடுக்கணும். வருஷா வருஷம் அப்படித்தான்!"

மெர்வின் அசந்துபோனார். மேலே ஓடையின் வளைவுக்கு அப்பால் அவர்கள் போவது ஒண்ணுக்கிருக்க என்றுதான் அவர் இத்தனை காலமும் நினைத்திருந்தார். கண்ணியமான மனிதர் என்பதால் பின்னால் போனதில்லை. முட்டிவலி வந்த பிறகு மற்ற நாட்களிலும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

"மூணு," என்றது குரல், வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "அஞ்சு. ஏழு. ஒம்பது."

அந்தப் பெண் இரக்கப்பட்டுக் கூட்டிச் சொல்கிறாள் என்று பட்டது. முட்டியைப் பிடித்துக்கொண்டு பாறைகளுக்கு நடுவே நடந்தார். வளைவு திரும்பியதும் நின்றுவிட்டார். ஹாலோவே முழங்காலுக்குக் கீழே காணாமல் போயிருந்தார். கோரையும் புல்லும் ஒரு வாய்கூடப் படாமல் நின்றன. படாதுதான். மந்தை முழுக்கக் கீழே முளைக்குப் பக்கத்தில் அவருடைய வண்டிக்காகக் காத்துக்கிடந்தபோது, இங்கே வர எதற்கு நேரம்?

பாறை வரை போய், அந்தக் கரையில் ஏறி, இந்தக் கரையில் இறங்கி, ரோவன் கணக்குப் போட்டாள். ஒருமுறை போட்டு, மறுபடியும் போட்டாள். மெர்வின் வெட்டுக்கிளி ஒன்றை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சே கால்," என்றாள். "மாடு இருக்கட்டும், மிஸ்டர் எச்சார்ட்."

"அக்டோபர் வரைக்கும்?"

"அதுவரைக்கும் நீங்க புல்லப் பாக்க வராம இருந்தீங்கன்னா."

ஹாலோவேக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மெர்வின் சிரிக்கவில்லை. அது எவ்வளவு பெரிய நிபந்தனை என்று அவருக்குத்தான் தெரியும். "ஒரே ஒரு தடவ, நடந்து வந்து...?" என்று இழுத்தார். ரோவன் அவரைப் பார்த்தாள். "சரி, சரி," என்றார்.

அவர்கள் கோலையும் பையையும் தூக்கிக்கொண்டு கீழே நடந்தார்கள். மெர்வின் பூட்ஸைக் கழற்றிக் கரையில் வைத்தார். பிறகு அப்படியே மல்லாந்து சாய்ந்தார். முதுகுக்கடியில் புல் நசுங்கிக் குளிர்ந்தது. பக்கத்துத் தாள்கள் முகத்துக்குமேல் வளைந்து, வானத்தை ஒரு தட்டு அளவுக்குக் குறுக்கின.

"மிஸ்டர் எச்சார்ட்?" என்று ரோவன் திரும்பிப் பார்த்துக் கூப்பிட்டாள். "மிஸ்டர் எச்சார்ட்! எங்க போயிட்டீங்க?"

புல் அசைந்தது. உள்ளே அவர் தன் கட்டைவிரலை ஒரு தாளோடு ஒட்டி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.